இருபது கிராம் ஆசாமி

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு லேபிள் படிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் அக்கா மகன் கோவையில் இன்ஜினீயரிங் படிக்கிறான். தன் பாக்கெட்டில் அவன் பார்ப்பது மூன்றே விஷயம்: எம்.ஆர்.பி., எக்ஸ்பயரி டேட், கூடுதலாக ஏதாவது இலவசமா என்பது. அதற்குக் கீழே உள்ள பொடி எழுத்தில் இறங்க வேண்டுமானால், அது அடுத்தவர் வாங்கிய பாக்கெட்டாக இருக்க வேண்டும்.

சர்க்கரைக்குப் பயந்து நான் ஒரு 'மல்ட்டிகிரெயின்' பிஸ்கட் வாங்கியிருந்தேன். அட்டையில் கதிர் கதிராகத் தானியம். பையன் அதைத் திருப்பினான்.

"மாமா, எது எடை அதிகமோ அதைத்தான் முதல்ல போடணும்னு சட்டம். இங்க பாருங்க, ரிஃபைன்டு வீட் ஃப்ளோர். அதாவது மைதா. அடுத்து பாமாயில். அப்புறம் சர்க்கரை. உங்க ராகி கடைசி வரியில நிக்குது."

"சர்க்கரை ஒரு தடவைதானேடா வருது?"

"லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப் எல்லாம் யாராம்? தலைமறைவா இருக்கிற ரவுடி மாதிரி ஊருக்கு ஒரு பேர்ல திரியும் மாமா."

330 என்றால் சிட்ரிக் ஆசிட், 322 என்றால் லெசித்தின், 621 என்றால் நாம் அஜினோமோட்டோ என்று சொல்கிறோமே அது. எல்லாம் மனப்பாடம். அரியர் பேப்பரின் கோட் நம்பரைக் கேட்டால் மட்டும் யோசிப்பான்.

இத்தனையும் சொன்ன வாயில் மசாலா சிப்ஸ் போய்க்கொண்டிருந்தது. விடுவேனா? அவன் பாக்கெட்டை வாங்கினேன். கண்ணாடி போட்டும் எழுத்து பிடிபடவில்லை. செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினேன். ஒரு சர்விங் 20 கிராம். ஒரு நாளைக்கு ஆகும் 2000 கலோரியில், 2000 மில்லிகிராம் சோடியத்தில் அது எத்தனை சதவீதம் என்று ஒரு பத்தி. எல்லாம் ஒற்றை இலக்கம். படித்தால் மனசுக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது.

பாக்கெட்டோ 50 கிராம். இரண்டரை பேர் சாப்பிட வேண்டியதை இவன் இரண்டு பஸ் ஸ்டாப்புக்குள் முடித்துவிடுவான். யார் அந்த 20 கிராம் ஆசாமி? பாக்கெட்டைப் பிரித்து, ஒரு கைப்பிடி எடுத்து, ரப்பர் பேண்ட் போட்டு மூடி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்! அவரை யாரும் பார்த்ததில்லை. ஆனால் கணக்கு மொத்தமும் அவருக்காகத்தான் போடப்படுகிறது. முழுப் பாக்கெட்டுக்கும் எவ்வளவு என்று ஒரே ஒரு வரி கொட்டை எழுத்தில் போட்டால், எனக்குக் கண்ணாடியும் வேண்டாம், கால்குலேட்டரும் வேண்டாம்.

சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, சோடியம், கொழுப்பு மிகுந்த பாக்கெட்டின் முன்பக்கமே கறுப்பு எண்கோண முத்திரை குத்துகிறார்கள். இங்கே 2022-இல் நட்சத்திரம் போடலாம் என்று ஒரு வரைவு வந்தது. இதைச் சொன்னால் பையன் சிரிக்கிறான். "கறுப்பு முத்திரை குத்தினா, அதுதான் கெத்துன்னு வாங்குவானுங்க மாமா."

"இவ்வளவு தெரிஞ்சும் ஏன்டா முழுப் பாக்கெட்டையும் காலி பண்றே?"

"இங்கதான் மாமா முழுசா கிடைக்குது. ஹாஸ்டல்ல பாக்கெட் கிழியுற சத்தம் கேட்டாப் போதும், பத்து கை வந்துடும். எனக்கு நாலு சிப்ஸ் மிஞ்சினா அதிகம்."

சர்விங் அளவை மீறாமல் சாப்பிடும் மனிதர்கள் நாட்டில் இருக்கத்தான் செய்கிறார்கள். வார்டன்தான் அவர்களுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கிறார்.