பதவி உயர்த்தப்பட்டவரின் பணிவான விண்ணப்பம்

அனுப்புநர்:
நேற்றுவரை சீனியர் இன்ஜினியர், இன்று மேனேஜர்,
கழக்கூட்டம், திருவனந்தபுரம்.

பெறுநர்:
மனிதவளத் துறை,
அதே கட்டடம், மேல்மாடி.

பொருள்: ஓர் இன்ஜினியரை இழந்து வாடும் நிறுவனத்துக்கு அனுதாபம் தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

என்னை மேனேஜர் ஆக்கித் தாங்கள் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. என் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததே தவிர அன்பில் குறையில்லை. "நீ கோட் நன்றாக எழுதுகிறாய், ஆகவே இனி எழுதாதே" என்பதை இவ்வளவு மங்களகரமாக யாரும் சொல்லிவிட முடியாது. நாகர்கோவிலில் அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் லட்டு கொடுத்துவிட்டார். அதனால் மறுக்கவும் வழியில்லை.

புதுக் காபி மெஷின் வந்தபோது, எந்தப் பொத்தானை அழுத்தினால் பால் வரும் என்று அரைமணி நேரம் செய்முறை விளக்கம் தந்த துறை தாங்கள். தீயணைப்புப் பயிற்சி என்று எங்களை வெயிலில் நிற்கவைத்துத் தலை எண்ணியதும் தாங்களே. எட்டுப் பேரின் சம்பள உயர்வு, விடுப்பு, கோபதாபம், கல்யாணக் கவலை, வீட்டுக்கடன் எல்லாவற்றையும் என்னிடம் ஒப்படைத்தபோது மட்டும் ஒரு பிடிஎஃப் வந்தது. திறந்தேன். இரண்டு பேர் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். இருவரும் வெள்ளைக்காரர்கள். அடுத்த பக்கத்தில் மலையுச்சியில் ஒருவர் கொடியோடு நின்றார். அத்தோடு முடிந்தது பயிற்சி.

டீமில் உடனே மாற்றம் தெரிந்தது. போன வாரம்வரை என்னை "அளியா" (மச்சான்) என்று தோளில் தட்டியவன் இப்போது "சார்" என்கிறான். தட்டுக்கடையில் நான் போய் நின்றதும் பேச்சு சட்டென்று மழைக்குத் தாவுகிறது. திருவனந்தபுரத்தில் மழை பற்றிப் பேச எப்போதும் விஷயம் இருப்பது ஒரு வசதி. பழம்பொரிக்குக் காசு கொடுக்க மட்டும் எல்லோரும் ஒரே மனதாக என்னைப் பார்க்கிறார்கள். அதிகாரப் பகிர்வு என்று பிடிஎஃப்பில் சொல்லியிருந்தது இதைத்தான் போலிருக்கிறது.

அப்ரைசல் படிவத்துக்கு வருகிறேன். எட்டுப் பேரில் ஒருவர் கட்டாயம் கடைசி வரிசைக்குப் போயாக வேண்டும் என்கிறது தங்கள் எக்செல். எட்டுப் பேரும் நன்றாகவே வேலை பார்த்தார்கள் என்று நிரப்பினால் கட்டம் சிவந்து, சேமிக்க மறுக்கிறது. பழைய தொழில் புத்தி விடுமா? ஃபார்முலாவைத் திறந்து பார்த்தேன். அது போன வருடத்து ஷீட்டிலிருந்து எண்ணை எடுத்துக்கொண்டிருந்தது. திருத்தித் தரட்டுமா என்று கேட்டதற்கு, "நீங்கள் இப்போது மேனேஜர், அதையெல்லாம் டீமிடம் விடுங்கள்" என்று பதில் வந்தது. யாரைக் கடைசியில் தள்ளப்போகிறேனோ அவரிடமே அந்த ஃபார்முலாவைக் கொடுத்துத் திருத்தச் சொல்வதுதான் முறையா என்று தெரிவித்தால் நல்லது.

அடுத்தது ரிலீஸ் தேதி. மேலே யாரோ குறித்துக் கொடுத்த நாள், ஆற்றுக்கால் பொங்காலை நாளாக அமைந்துவிட்டது. டீமின் பெண்கள் ஐந்து பேரும் விடுப்பு கேட்டார்கள். மற்றவர்கள் கேட்கவில்லை, சாலை முழுக்கச் செங்கல் அடுப்பு இருக்கும்போது எந்த வண்டியில் வருவது என்று மட்டும் கேட்டார்கள். நியூஜெர்சியில் இருக்கும் கிளையன்ட்டுக்கு வீடியோவில் விளக்கினேன். 2009இல் 25 லட்சம் பெண்கள் கூடிப் பொங்கலிட்டுக் கின்னஸில் ஏறிய விழா, கோயிலின் பண்டார அடுப்பில் மூட்டும் தீ அங்கிருந்து அடுப்புக்கு அடுப்பு கைமாறி ஊர் முழுக்கப் பரவும் என்றேன். அவர் அசந்துபோய், "யார் இதன் ப்ராஜெக்ட் மேனேஜர்?" என்று கேட்டார். பதில் தெரியவில்லை. ஆனால் மேலாண்மைப் பயிற்சி என்றால் என்னை அங்கே ஒருநாள் செங்கல் சுமக்க அனுப்பியிருக்கலாம் என்று தோன்றியது.

தாங்கள் நடத்திய "தலைமைப் பண்பு" கூட்டத்தில் அப்துல் கலாம் படம் காட்டினீர்கள். நம் ஊர்க்காரர் என்று எனக்கும் பெருமைதான். தும்பாவில் ராக்கெட் இன்ஜினியராக இருந்தவரை எஸ்.எல்.வி.-3க்குத் திட்ட இயக்குநர் ஆக்கினார்கள். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று அடுத்தது ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. "தோல்வியில் துவளாதீர்கள்" என்று எங்களைப் பார்த்துச் சொல்லி, அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டீர்கள்.

நடுவில் ஒரு ஸ்லைடு விட்டுப்போயிற்று. விழுந்த அன்று பத்திரிகையாளர் முன் உட்கார்ந்தவர் கலாம் அல்ல, இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். பதினோரு மாதத்தில் வென்றபோது, நீ போய்ப் பேசு என்று கலாமை அனுப்பினார். தோற்ற ஆளையே இரண்டாம் முறையும் அந்த நாற்காலியில் வைத்திருந்ததும் இஸ்ரோதான். கலாமே மேடைக்கு மேடை சொன்ன கதை இது. புது மேனேஜர்களை உட்காரவைத்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. புது மேனேஜர்களுக்கு மேலே இருப்பவர்களை உட்காரவைத்துச் சொல்ல வேண்டிய கதை. தாங்கள் தவறான மாடியில் கூட்டம் போட்டுவிட்டீர்கள். நம் நிறுவனத்தில் ரிலீஸ் வென்றால் "அனைவருக்கும்" என்று வரும் மின்னஞ்சலின் கையெழுத்து மேல்மாடியுடையது. சொதப்பினால் "மேனேஜர் விளக்கமளிப்பார்" என்று என் பெயர் வருகிறது, எழுத்துப் பிழையே இல்லாமல்.

அதே தும்பா இஸ்ரோவில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. சயின்டிஸ்ட்/இன்ஜினியர் எஸ்.சி. என்று சேர்ந்தவர், எஸ்.டி., எஸ்.இ., எஸ்.எஃப். என்று ஏறிப் போகலாம். காலியிடத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், கீழே நாலு பேரைச் சேர்த்துக் காட்டவும் வேண்டாம். செய்த வேலையைப் பார்த்து உயர்த்துகிறார்கள். அரசாங்கத்துக்கு அகப்பட்ட இந்த யோசனை, சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நமக்கு ஏன் அகப்படவில்லை? கழக்கூட்டத்தில் போக்குவரத்து நெரிசல் அதிகம் என்பது தெரியும். யோசனையுமா சிக்கிக்கொள்ளும்?

அதற்காக மேனேஜரே கூடாது என்று நான் சொல்லவில்லை. கூகுள் 2002இல் இன்ஜினியர்களுக்கு மேனேஜர்களே வேண்டாம் என்று எடுத்துப் பார்த்தது. செலவுக் கணக்கையும் சண்டையையும் தூக்கிக்கொண்டு ஆட்கள் நேராக நிறுவனர் லாரி பேஜிடம் போய் நின்றார்கள். சில மாதத்தில் கைவிட்டார்கள். பின்னால், நல்ல மேனேஜருக்கு என்ன வேண்டும் என்று ஆராய்ந்து எட்டுக் குணங்களை வரிசைப்படுத்தினார்கள். தொழில்நுட்ப அறிவு எட்டாவதாக வந்தது. அந்த எட்டாவதை மட்டும் பார்த்து என்னைத் தேர்ந்தெடுத்த தங்கள் துணிச்சலை நான் மெச்சாமல் இருக்க முடியாது. மற்ற ஏழையும் எங்கே கற்பது என்று ஒரு வரி எழுதினால் போதும். என் மேனேஜருக்கு மேனேஜராக இருப்பவருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், அவருக்கும் அந்தப் பிடிஎஃப்தான் வந்திருக்கும்.

இந்த விண்ணப்பத்தை போர்ட்டலில் ஏற்றினேன். "தங்கள் மேனேஜரின் ஒப்புதல் தேவை" என்றது. மேனேஜர் என்ற இடத்தில் என் பெயரே இருந்தது. பரிசீலித்து, ஒப்புதல் அளித்துவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேனேஜர் (தற்காலிகம் என்றே நம்புகிறேன்)