சாந்த சாமிக்குக் கத்தி எதற்கு?

இந்த ஆய்வுக்கு நிதி நல்கிய நிறுவனம் எதுவும் இல்லை. நெறியாளரும் இல்லை. காபி, முந்திரிப் பக்கோடா இரண்டும் அக்கா உபயம். ஆய்வுப் பொருளே அக்கா வீட்டுக் கூடத்தில்தான் கிடைத்தது. கோடை விடுமுறை. ராத்திரி பதினொன்றரை ஆகியும் விருத்தாசலத்து வெக்கை சுவரை விட்டு இறங்கவில்லை. கோரைப் பாயில் கட்டம் போட்ட தாளை விரித்து, நாலு பையன்கள் ஒரு கடவுளின் மனசைப் பற்றிக் கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எல்டாத் ஒத்துக்க மாட்டாடா."

"வழிப்பறிக்காரன் வண்டியை மறிக்கிறான். ஒத்துக்காம என்ன பண்ணுவா?"

எல்டாத் யார் வீட்டுப் பெண் என்று அக்கா சமையல்கட்டிலிருந்து கேட்டாள். ஆய்வு தொடங்கியது அந்தக் கேள்வியில்தான்.

முதற்கண் ஆட்டத்தின் இலக்கணம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-இல் வெளிவந்த ஆட்டம். ஒருவர் கதை நடத்துவார், அவர் டி.எம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்பதை வாயால் சொல்ல வேண்டும். சொன்னது பலித்ததா என்பதை இருபது முகம் கொண்ட பகடை தீர்மானிக்கும். தாயக்கட்டைக்கு நாலு முகம், இதற்கு இருபது. விழுந்த எண்ணை ஒத்துக்கொள்ளாமல் 'கட்டை பாயில சாஞ்சிருந்துச்சு' என்று வாதாடுவது இரண்டுக்கும் பொது.

இந்த ஆட்டத்தில் சாமிக்காகச் சண்டை போடுகிறவனுக்குப் பாலடின் என்று பெயர். 1975-இல் வந்த 'கிரேஹாக்' என்ற துணைநூலில் அறிமுகமானவன். அக்கா காதில் அது பாலாடை என்று விழுந்தது. சொற்பிறப்பு ஆய்வாளர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாகாது. கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையைவிட, அழுது ஆர்ப்பாட்டம் செய்யும் ஓர் எதிரியை ரத்தம் சிந்தாமல் அடக்கிய கருவி உலகில் வேறு உண்டா? ஆயினும் நேர்மை கருதி மெய்யான பிறப்பையும் சொல்லிவிடுகிறேன். ரோம் நகரத்துப் பாலட்டைன் குன்றின் மேல் பேரரசர்களின் அரண்மனை இருந்தது. அதனால் அரண்மனைக்காரன் என்ற பொருளில் பிறந்த சொல், பிற்காலக் கதைகளில் சார்லமேன் மன்னனின் பன்னிரண்டு வீரர்களுக்குப் பெயராயிற்று. ஆக, பாலடினின் பூர்வீகம் ஒரு பழைய குன்று. விருத்தாசலம் என்றாலும் பழைய குன்று என்றே பொருள், தேவாரத்தில் முதுகுன்றம். ஏறிப் பார்க்க ஊருக்குள் குன்று ஒன்றும் கண்ணில் படாது என்பது வேறு விஷயம். இந்த ஒற்றுமையிலிருந்து முனைவர் பட்டம் எடுக்கக்கூடியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இனிச் சிக்கல். எல்டாத் அந்த ஆட்டத்துக் கற்பனை உலகில் சமாதானத்தின் தெய்வம். ஊற்று, சுனை, அமைதியான நீர்நிலை எல்லாம் அவள் பொறுப்பு. மருமகனின் நண்பன், செராமிக் தொழிற்பேட்டையில் வேலை செய்பவரின் மகன், அவளுக்குத்தான் பாலடின் ஆவேன் என்று அடம்பிடித்துவிட்டான். இடுப்பில் கத்தி, மார்பில் கவசம், நெஞ்சில் அகிம்சை. வண்டியை மறித்தவனை இவன் வெட்டினால் சாமி கோபிக்கும். வெட்டாவிட்டால் வண்டிக்காரன் கோபிப்பான். பழைய விதிப்படி பாலடின் தெரிந்தே ஒரு தீமை செய்தால் அவன் வரமெல்லாம் பறிபோய், வெறும் அடியாளாக மிஞ்சுவான்.

அஃதேல், விதிநூல் இதற்கு வழி சொல்லவில்லையோ எனின், சொல்லிற்று. 2017-இல் வந்த ஒரு நூலில் 'மீட்பின் சபதம்' ஏற்கும் பாலடினுக்கு இடம் கொடுத்தார்கள். அவனுக்குப் பத்து நிமிடம் நயமாகப் பேசும் ஆற்றல் உண்டு. கிட்டத்தில் நிற்பவன் மேல் விழவேண்டிய அடியைத் தன் மேல் வாங்கிக்கொள்ளலாம். எவனாவது இன்னொருவனை அடித்தால், அடித்த அளவு வலி அடித்தவனுக்கே திரும்பும்படியும் செய்யலாம். இந்தக் கடைசி வித்தையை நம் பாட்டிகள் 'நல்லா இருப்பே' என்று பல்லைக் கடித்துச் சொல்லியே செய்து முடிப்பார்கள். அமெரிக்கருக்கு விதி எண் வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்து முன்னோடிகளை இந்நூல் ஆசிரியர்கள் பார்க்காதது பெருங்குறை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தை இந்தக் கோணத்தில் படித்தால் அதில் பாலடின் படையே நிற்கிறது. எறிபத்த நாயனாரை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். பூக்கூடையைப் பறித்துச் சிதறிய குற்றத்துக்கு அரச யானையையும் பாகர்களையும் மழுவால் வெட்டியவர் அவர். சாந்தக் கட்சியில் சேரமாட்டார். ஏனாதிநாத நாயனார்தான் நமக்கு வேண்டியவர். வாள்வித்தை கற்பிக்கும் ஆசான். பகைவன் நெற்றியில் திருநீற்றைப் பூசிக் கேடயத்தால் மறைத்து வந்து, நேருக்கு நேர் நின்றதும் கேடயத்தை விலக்கினான். நீற்றைக் கண்ட பிறகு ஏனாதிநாதர் எப்படி வெட்டுவார்? வாளைக் கீழே போட எண்ணினார். போட்டால், நிராயுதபாணியைக் கொன்ற பழி எதிரிக்குப் போய்ச் சேருமே! அதனால் வாளும் கேடயமுமாகச் சண்டை போடுபவர் போலவே நின்றார். தலைப்பிலுள்ள கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குக் கிடைக்கவில்லை. கொல்ல வருகிறவனுக்குப் பாவம் சேராமலிருக்க ஒரு கத்தி.

இரண்டாமவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். உளுந்தூர்பேட்டை வழியாகப் போனால் திருக்கோவலூர் எட்டிப் பிடிக்கிற தூரம்தான். அங்கே அரசராக இருந்த மெய்ப்பொருள் நாயனாரை, சிவனடியார் வேடத்தில் ஆகமம் சொல்வதாக வந்த முத்தநாதன் சுவடிக்குள் மறைத்து வைத்த கத்தியால் குத்திவிட்டான். காவலன் தத்தன் வாளை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். விழுந்துகொண்டிருந்த அரசர் அவனைத் தடுத்து, இவர் நம்மவர், பத்திரமாக ஊர் எல்லையில் கொண்டுபோய் விட்டுவா என்றார். எல்லோரும் அரசரைத்தான் கொண்டாடுகிறார்கள். என் ஆய்வு தத்தனைப் பற்றியது. கொதித்து வந்த ஊராரையெல்லாம் அதே வாளைக் காட்டி விலக்கி, தன் அரசரைக் குத்தியவனுக்குக் காவலாக நடந்தானே, அந்த வழி நெடுக அவன் என்ன நினைத்திருப்பான்? திரும்பி வந்து, விட்டுவிட்டேன் என்று சொல்லும் வரை அரசர் உயிரைப் பிடித்து வைத்திருந்தார்.

இதை நான் பாயோரம் உட்கார்ந்து விளக்கியபோது கூடத்தில் சத்தமே இல்லை. பிறகு மருமகன் கேட்டான்: "தத்தன் எந்த லெவல், மாமா?"

தெய்வம் சாந்தமானாலும் இடம் சாந்தமாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு ஊர்க் கோயிலே சான்று. பழமலைநாதர் கோயிலில் கோபுரம், பிராகாரம், தீர்த்தம் எல்லாம் ஐந்து ஐந்தாக எண்ணப்படும். அந்தக் கல் மதிலைக் கர்நாடகப் போர்க் காலத்தில் கோட்டையாக்கிச் சிப்பாய்களை உள்ளே வைத்தார்கள். 1751-இல் ராபர்ட் கிளைவே ஒரு படையோடு இங்கே வந்து போனார். அத்தனை துப்பாக்கிக்கும் நடுவில், பல படி கீழே இறங்கிப் பார்க்கவேண்டிய பள்ளத்தில் ஆழத்துப் பிள்ளையார் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பதுங்குகுழி என்ற ஏற்பாட்டை முதலில் கண்டவர் அவரே என்று நிறுவ எனக்கு ஆசை. அக்கா வேண்டாம் என்றாள்.

அடுத்து, இந்த ஆய்வின் மிக முக்கியமான பகுதி. ஆட்டத்துக்குப் பொம்மை வேண்டும் என்று பையன்கள் அந்த செராமிக் பேட்டைக்குப் போனார்கள். கூடவே ஆய்வாளனும் போனேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சை இரண்டு பாதியாகச் சேர்த்துக் கட்டி, கூழாகக் கரைத்த மண்ணை ஊற்றுகிறார்கள். அதற்கு ஸ்லிப் என்று பெயர். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, ஓரத்தில் மண் சுவர்போல் கட்டுகிறது. போதிய கனம் வந்ததும் மீதியைக் கவிழ்த்துவிடுகிறார்கள். பிள்ளையாரோ செட்டியார் பொம்மையோ, உள்ளே எல்லாம் காலி. காய்ந்து, சூளை ஏறி இறங்குவதற்குள் உருவம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும்.

பாலடின் படத்தைக் காட்டினோம். உயர்த்திய கையில் நீட்டிய வாள். பெரியவர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"கத்தி நிக்காது தம்பி. காயறப்பவே முறியும். தப்பிச்சாலும் சூளையில தொங்கிடும். கையை உடம்போட ஒட்டிடலாம், கும்பிடுற மாதிரி."

நான் அங்கேயே நோட்டைத் திறந்துவிட்டேன். இதுவரை சமய நூல்களிலும் விதிநூல்களிலும் தேடியதெல்லாம் வீண். அகிம்சைக்குக் காரணம் மண். மெல்லிசாக நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் சூளை வளைத்துவிடும். கையை உடம்போடு சேர்த்து, காலைத் தரையோடு ஊன்றி நிற்பதே பிழைத்து வெளியே வரும். கொலு பொம்மைகளில் முருகனுக்கு வேலைத் தனியாகத் தகரத்தில் செய்து செருகுவது இதனால்தான். எனவே விருத்தாசலத்தில் வார்க்கப்படும் வீரன் எவனும் எல்டாத்தைக் கும்பிட்டே ஆகவேண்டும். இதை மறுப்பவர்கள் ஒரு வாளை வார்த்துச் சுட்டுக் காட்டட்டும்.

பேட்டையில் பொம்மையைத் தவிர மின்கம்பத்து இன்சுலேட்டரும் ஃபியூஸ் கேரியரும் உண்டு. அவற்றைப் பாலடின் வரிசையில் சேர்க்கலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். மழையிலும் வெயிலிலும் நின்று, தம் மேல் வந்ததை அடுத்தவனுக்குப் போகவிடாமல் தடுத்து, யாரையும் அடிக்காமல் இருக்கின்றன. சேர்த்துவிட்டேன்.

மருமகனின் தரப்பு ஒரு தடை எழுப்பியது. அடிக்காதவனை வைத்துக்கொண்டு ஆட்டத்தில் ஜெயிப்பது எப்படி? இதற்கு விடை அக்கா வீட்டுத் திண்ணையிலேயே கீறிக் கிடந்தது. ஆடுபுலி ஆட்டம்: 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆடு ஒருநாளும் வெட்டாது. அதற்கு அந்த உரிமையே கிடையாது. வந்து நிற்கும், பக்கத்தில் இன்னொன்று வந்து நிற்கும், கடைசியில் புலிக்குக் கால் வைக்க இடமிருக்காது. எல்டாத்தின் சேனை இதுவே என்றேன். "அதுக்குப் பதினஞ்சு பாலடின் வேணுமே, இங்க ஒருத்தன்தான் இருக்கான்" என்றான் மருமகன். தடை வலுவானது, அதை ஆய்வின் அடுத்த பாகத்துக்குத் தள்ளி வைக்கிறேன்.

சாந்த தெய்வமும் வீரனும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் முறை ஊருக்கு மேற்கே மணவாளநல்லூரில் நாள்தோறும் நடக்கிறது. கொளஞ்சியப்பர் முருகன்தான், ஆனால் ஆறுமுகம், மயில் எதுவும் இல்லாமல், உருவமற்ற பீடமாக இருக்கிறார். நகை காணோம், கடன் திரும்பவில்லை, பங்காளி வரப்பை வெட்டிவிட்டான் என்றால் ஜனங்கள் இங்கே வந்து தாளில் பிராது எழுதுகிறார்கள். அது சாமி பாதத்தில் வைக்கப்பட்டு, பிறகு முனியப்பர் சந்நிதியில் கட்டப்படுகிறது. ஊர்த் தூரத்தைக் கணக்கிட்டுப் படிப்பணமும் உண்டு. காரியம் முடிந்தால் வந்து ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதை வாபஸ் வாங்கவேண்டும். அதாவது சாமி யார் மேலும் கை வைப்பதில்லை. மனுவை வாங்கி மேலொப்பம் போடுகிறார். அலைச்சல் முனியப்பருடையது. பாலடினும் எல்டாத்தும் கட்டிக்கொண்டு அழும் சிக்கலை இந்த அலுவலக நடைமுறை ஒரே தாளில் தீர்த்துவிட்டது.

ஒரு சின்ன நெருடல் மட்டும் உண்டு. சுந்தரர் முதுகுன்றத்தைப் பாடாமல் கடந்து போகப் பார்த்தபோது, சிவன் சொல்லி முருகன் வேடனாக வந்து அவர் பொருளையெல்லாம் பறித்தார் என்றும், வேண்டுமானால் முதுகுன்றத்தில் வந்து வாங்கிக்கொள் என்றார் என்றும் இங்கே கதை சொல்வார்கள். பழைய விதிப்படி இது பாலடின் பதவி பறிபோகும் குற்றம். ஆனால் சுந்தரர் வந்து பாடியதும் சிவன் பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்தார். அதை மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்கிறார்கள். நஷ்டஈடு கொடுத்தாயிற்று என்பதால் வழக்கை மூடிவிடலாம்.

அந்த ராத்திரிக்கு வருவோம். பேட்டைப் பையன் நெடுநேரம் யோசித்து, "வண்டிக்கு முன்னால போய் நிக்கிறேன். கத்தியை உருவல. கையிலதான் வச்சிருக்கேன்" என்றான். ஏனாதிநாதர் வேலை செய்கிறார் என்று எனக்குப் பெருமை. டி.எம். பகடையைப் போடச் சொன்னான். போட்டதில் அது பாயைத் தாண்டி, பீரோவுக்கு அடியில் ஓடிவிட்டது. டார்ச் அடித்தும் தெரியவில்லை.

"காலையில பெருக்குறப்போ வந்துடும். படுங்கடா" என்றாள் அக்கா.

காலையில் தலைமுடிச் சுருளோடும் ஒரு கொலு பொம்மையின் உடைந்த விரலோடும் பகடை வெளியே வந்தது. மேல் முகத்தில் 19. வழிப்பறிக்காரன் தரப்பு, துடைப்பம் பட்ட பகடை செல்லாது என்றது. பாலடின் தரப்பு, பீரோவுக்கு அடியிலேயே 19-தான் என்றது. ஒரே சாட்சி அக்கா. "நான் குப்பையைத்தான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டாள்.

பேச்சு முற்றி, கடைசியில் கோடு போட்ட தாளை எடுத்துப் பிராது எழுத உட்கார்ந்தார்கள். பிராதுதாரர் பாலடின். எதிரி வழிப்பறிக்காரன். விவரம் ஒன்றரைப் பக்கத்துக்கு ஓடியது. எல்லாம் முடிந்து, படிப்பணத்தில் வந்து நின்றது. பையன் பேனாவைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"எல்டாத் ஊருக்கு மணவாளநல்லூர்லேருந்து எத்தனை கிலோமீட்டர், மாமா?"