பிளாக் சபாத்: ஓர் ஆள்மாறாட்ட வரலாறு

ஹெவி மெட்டலைப் பெற்றெடுத்தது சாத்தான் அல்ல. பர்மிங்ஹாமில் இருந்த ஒரு தகடு வெட்டும் ஆலை. 1965-இல் 17 வயது டோனி அயோமிக்கு அங்கே கடைசி நாள். மத்தியானத்துக்கு மேல் போகாமல் மட்டம் போடத்தான் பார்த்தார், அம்மா விடவில்லை. திரும்பிப் போன இடத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரம் வாங்கிக்கொண்டது. இடதுகைக்காரரான அவருக்குக் கிதார் நரம்பை அழுத்துவதே அந்தக் கைதான். மனிதர் அசரவில்லை. பாத்திரம் கழுவும் திரவத்தின் பாட்டிலை உருக்கி, தோல் ஒட்டி, விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். பிறகு வலி குறையட்டும் என்று நரம்புகளையும் தளர்த்தினார். சுருதி பாதாளத்துக்கு இறங்கியது. உலகம் பில்லிசூனியம் என்று பயந்த அந்தச் சத்தத்தில் பாதி, தொழிற்சாலை விபத்து.

அயோமி கிதார் வாசிக்க, ஆஸி ஆஸ்பர்ன் பாட, கீஸர் பட்லர் பேஸ் வாசிக்க, பில் வார்டு டிரம்ஸ் அடிக்க, பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பம் ஒரே நாளில் பதிவானது. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. அதே ஆண்டு இரண்டாவது. நேரம் போதவில்லை, இன்னொரு பாட்டு வேண்டும் என்றதும் அவசரத்தில் ஒப்பேற்றியதுதான் ‘பாரனாய்ட்’. அதுவே ஹிட்டாகி ஆல்பத்தின் பெயரையும் பிடுங்கிக்கொண்டது. ‘வார் பிக்ஸ்’ என்ற பழைய தலைப்புக்காக எடுத்த, வாளோடு பாயும் ஆசாமியின் படம் மட்டும் அட்டையில் அநாதையாக நின்றுவிட்டது.

1972-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மாளிகையை வாடகைக்குப் பிடித்தார்கள். பதிவுச் செலவைவிடக் கொக்கெய்ன் ‘பொடி’ச் செலவு அதிகம் என்று பின்னாளில் அவர்களே கணக்குச் சொன்னார்கள். பொடியைக் குறிக்கும் ‘ஸ்னோபிளைண்ட்’ என்ற தலைப்பை கம்பெனி மறுக்க, ஆல்பம் ‘வால்யூம் 4’ ஆனது. ஆனாலும் உறைக்குள் ‘கோக்’ கம்பெனிக்கு ஒரு நன்றி போட்டுவிட்டார்கள். என் கணக்கில் இந்த முதல் நான்கும் தங்கம். 1975-இன் ‘சபோட்டாஜ்’ வக்கீல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டே எடுத்தது. அதன் அட்டைக்கு பில் வார்டு மனைவியின் சிவப்பு டைட்ஸை மாட்டிக்கொண்டு நிற்கிறார். அடுத்த ஆண்டு மயாமியில் இவர்கள் பதிவு செய்தபோது பக்கத்து அறையில் ஈகிள்ஸ் குழு ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ பதிவு செய்துகொண்டிருந்தது. இவர்கள் சத்தம் சுவரைத் தாண்டியதால் அவர்கள் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. சபாத் அங்கே எடுத்த ஆல்பத்தைவிட இந்தக் கதைதான் கேட்கச் சுவையாக இருக்கும்.

1979-இல் குடியும் போதையும் காரணம் என்று ஆஸியை நீக்கினார்கள். யார் நீக்கினார்கள் என்பதைக் கேட்கக் கூடாது. சேதி சொல்லும் வேலை பில் வார்டுக்கு. அவர் ஆஸிக்குச் சளைத்த குடிகாரர் இல்லை. ரோனி ஜேம்ஸ் டியோ வந்தார், இரண்டு அருமையான ஆல்பம் பாடினார். நேரடிப் பதிவில் தன் குரலை ரகசியமாகக் கூட்டினார் என்று புகார் கிளம்ப, நடையைக் கட்டினார்.

பிறகு வந்தவர் டீப் பர்பிள் புகழ் இயன் கில்லன். ஒரு மதுக்கடையில் நிதானம் தவறிய நிலையில் சம்மதித்தார். தான் குழுவில் சேர்ந்துவிட்டதையே மறுநாள் மேனேஜர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். ‘பார்ன் அகெய்ன்’ பதிவின்போது கூடாரம் போட்டுத் தங்கினார், பில் வார்டின் காரைக் கவிழ்த்தார், அதையும் பாட்டாக்கினார். 1983 சுற்றுப்பயணத்துக்கு ஸ்டோன்ஹெஞ்ச் கற்களை மேடையில் நிறுத்தலாம் என்றார் கீஸர். அளவில் அடி மீட்டராகிவிட்டது. வந்து இறங்கிய கற்கள் பல அரங்குகளுக்குள் நுழையவே இல்லை. அடுத்த ஆண்டு வந்த ‘ஸ்பைனல் டாப்’ படத்தில் இதுவே தலைகீழ்: கல் ஒன்றரை அடி.

பழைய ஓட்டலில் மாஸ்டர் மாறுவார், சர்வர் மாறுவார், கல்லாவில் இருப்பவர் மட்டும் மாறமாட்டார். அயோமி அப்படி உட்கார்ந்திருந்தார். 1986-இல் தனி ஆல்பமாக எடுத்ததைக்கூட கம்பெனி சபாத் பெயரில்தான் விற்றது. டோனி மார்ட்டின் என்ற நல்ல பாடகர் ஐந்து ஆல்பம் பாடியும், ‘ஆஸி எப்போது வருவார்?’ என்றே ரசிகர்கள் கேட்டார்கள். நடுவில் திரும்பி வந்த டியோ, ஆஸியின் கச்சேரிக்கு முன்னால் பாடச் சொன்னதும் மறுபடி கிளம்பினார். 1995-இன் ‘ஃபர்பிடன்’ ஆல்பத்தில் ராப் பாடகர் ஐஸ்-டி வருகிறார். நாம் கடந்து போவோம்.

2013-இல் ஆஸியோடு ‘13’ வந்தது; இது 19-வது ஆல்பம், பெயரில் குழம்ப வேண்டாம். பிரிட்டனில் முதலிடம். ஒப்பந்தத் தகராறில் பில் வார்டு மட்டும் வரவில்லை. அவரும் சேர்ந்து, நால்வரும் 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாம் வில்லா பார்க்கில் கடைசியாக வாசித்தார்கள். அந்த மாதமே ஆஸி காலமானார். அன்று வாசித்தவை நான்கே பாடல்கள். நான்கும் 1970-இல் வந்த முதல் இரண்டு ஆல்பங்களில் உள்ளவை.