அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

தமிழ்நாட்டுக் காவல் நிலையம் ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தாளர் இருக்கிறார். வாழ்நாள் முழுக்க ஒரே வாக்கியத்தை எழுதுகிறார். "மேற்படி வாகனத்தை அதன் ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்..." காரா, லாரியா, தண்ணீர் டிராக்டரா, கவலையில்லை. பின்னால் மோதியதா, விலாவில் மோதியதா, அதுவும் கவலையில்லை. வாக்கியம் தயார். பெயரையும் பதிவெண்ணையும் நிரப்பினால் முதல் தகவல் அறிக்கை.

எவ்வளவு வேகம் என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது. டயர் தேய்ந்த தடத்தை அளந்தீர்களா? இல்லை. பிறகு அதிவேகம் என்று எப்படித் தெரியும்? மோதியிருக்கிறதே, போதாதா!

இந்த வாக்கியம் ஊரோடு நின்றால் தொலையட்டும் என்று விடலாம். டெல்லி வரை போகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி, அந்த ஆண்டு நாட்டுச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் 71.2 சதவீதச் சாவுக்குக் காரணம் அதிவேகமாம். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்று தமிழ்நாடு முதலிடம். (இந்த முதலிடத்துக்கு மட்டும் யாரும் பேனர் வைக்கவில்லை.) அந்த 71.2 எங்கிருந்து வந்தது? மாநிலக் காவல் துறைகள் கொடுத்த கணக்கு. தோண்டிக்கொண்டே போனால் அடியில் ஏட்டய்யாவின் பேனா. வேகம் கொல்லும் என்பதில் எனக்குச் சண்டையில்லை. அளக்காத வேகத்துக்குப் புள்ளிக்குப் பிறகும் ஓர் இலக்கம் போடுகிறார்கள் பாருங்கள், அந்தத் துணிச்சலைத்தான் சொல்கிறேன்.

நாற்சந்திக்கு வருவோம். உங்கள் ஊர் நாற்சந்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் கம்பம் உண்டு. சிக்னல் மஞ்சளில் கண்ணடிக்கிறது, அல்லது அந்த வேலையையும் நிறுத்திவிட்டது. நிறுத்தக் கோடு ஒரு காலத்தில் இருந்தது. குடிநீருக்குத் தோண்டினார்கள், பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினார்கள், கேபிளுக்குத் தோண்டினார்கள். மூடியவர்கள் கோட்டையும் சேர்த்து மூடினார்கள். முனையில் டிரான்ஸ்பார்மர். அதை மறைத்து ஒரு பெட்டிக்கடை. கடையை மறைத்து ஒரு தலைவர், கைகூப்பியபடி. குறுக்கே என்ன வருகிறது என்று காரின் மூக்கை நீட்டித்தான் பார்க்க வேண்டும். நீட்டினால் மூக்கு இருக்காது.

இங்கே ஒரு கார் நேரே போக, இன்னொன்று குறுக்கே வந்து விலாவில் இறங்குகிறது. முன்பக்கம் மோதினால் பானெட் நசுங்கி அடியில் பாதியை வாங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் அந்தச் சலுகை கிடையாது. உங்கள் இடுப்புக்கும் எதிராளியின் பம்பருக்கும் நடுவே ஒரு கதவு, அவ்வளவுதான். பக்கவாட்டு ஏர்பேக் காப்பாற்றும் என்றார்கள். ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று வரைவு போட்டார்கள். 2022 அக்டோபர் என்றார்கள். 2023 அக்டோபருக்குத் தள்ளினார்கள். நாள் நெருங்கியதும், கட்டாயமாக்கப் போவதில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரியே சொல்லிவிட்டார். விலா எலும்பு நம்முடையதுதானே.

சரி, தப்பு யார் மேல்? சட்டத்தில் பதில் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 1989-லேயே சாலை விதிமுறைகளில் எழுதிவைத்தார்கள். சந்திப்பில் பிரதானச் சாலைக்குள் நுழைகிறவர், அந்தச் சாலையில் வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். அப்படிப் பிரதானச் சாலை என்று எதுவும் இல்லையென்றால், தன் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு கதவைப் பாருங்கள். சிக்னல் இல்லாத, சரிசமமான இரண்டு சாலைகள். உங்கள் வலது கதவு நசுங்கியிருந்தால், வலப்பக்கம் வந்தவருக்கு நீங்கள் வழிவிடவில்லையோ என்பது முதல் சந்தேகம். இடது கதவு நசுங்கியிருந்தால் கதை தலைகீழ். இடித்தவருக்கு நீங்கள்தான் வலப்பக்கத்தவர். வழிவிட வேண்டியவர் அவர். இது தீர்ப்பல்ல, விசாரணையின் முதல் வரி. யார் முன்னால் நுழைந்தார், கண்ணாடித் தூள் எங்கே சிதறியது, மோதிய பிறகு வண்டிகள் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போய் நின்றன, எல்லாம் பார்த்த பிறகுதான் தீர்ப்பு. முதல் வரியையாவது படிக்கிறார்களா? கதவு நசுங்கியிருப்பதைக் குறித்துக்கொள்கிறார்கள். செலவு எவ்வளவு ஆகும் என்று சொல்வதற்காக.

தெருவுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. முன்பக்கம் உடைந்தவன் இடித்தவன், பக்கம் உடைந்தவன் பாவப்பட்டவன். சிவப்பு விளக்கைத் தாண்டிப் பாய்ந்து விலாவைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் பாவப்பட்டவனே. அடுத்தது, பெரிய வண்டிமேல்தான் கேஸ். லாரி நின்றுகொண்டிருந்தாலும் சரி. இவையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முதலில் ஸ்டேஷன் படியேறியவரே புகார்தாரர் என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டு பேரில் யாருக்கு அடி குறைவோ அவர்தான் முதலில் ஸ்டேஷனுக்குப் போவார். அவருக்குக் கால் இருக்கிறது, கைபேசி இருக்கிறது, கட்சியில் ஒரு மச்சான் இருக்கிறார். மற்றவர் ஐசியுவில் வாயில் குழாயோடு கிடக்கிறார். அவர் கண் விழிக்கும்போது டாக்டர் சொல்வார், இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது என்று. மனைவி சொல்வார், கேஸும் உங்கள் பேரில்தான் என்று. அந்த அம்மாள் நிலையத்துக்குப் போய்க் கேட்டால் பதில் தயார். "எதிர்பார்ட்டி மொதல்லயே வந்துட்டாங்கம்மா. நீங்க லேட்டு." வெண்டிலேட்டரில் இருந்தவர் லேட்டு.

பிறகு சமரசம். "எதுக்கும்மா கோர்ட்டு கேஸுன்னு? பேசி முடிச்சுக்கலாமே." பேசி முடிக்கிறவர்கள் எல்லோரும் பேசாமல் போகிறவர்களின் காசில் டீ குடிப்பார்கள்.

புலனாய்வு நடக்கவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். நடக்கிறது. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள் அமெரிக்காவே வெட்கப்படுகிற தரத்தில் இருக்கின்றன. விசாரணை அதிகாரி உடனே சம்பவ இடம் போக வேண்டும். படம் எடுக்க வேண்டும். சாலையின் அகலம், வண்டிகள் நின்ற இடம் எல்லாம் காட்டி, அளவு விகிதத்தோடு வரைபடம் வரைய வேண்டும். 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை நஷ்ட ஈட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், 90 நாளில் விரிவான அறிக்கை. சென்னை ஐஐடி கைகொடுத்து உருவாக்கிய செயலியும் இருக்கிறது. காகிதத்தில் நாம் சுவீடன்.

தரையில் என்ன நடக்கிறது? டிராஃபிக் ஜாம் ஆகிறதென்று வண்டிகளை ஓரங்கட்டியாயிற்று. கண்ணாடித் தூளைப் பெட்டிக்கடைக்காரர் பெருக்கியாயிற்று. அதற்குப் பிறகு வருகிறது மாதிரி வரைபடம். குறுக்கே இரண்டு கோடு, நடுவில் ஒரு பெருக்கல் குறி, மூலையில் வடக்கு. தீப்பெட்டிப் படம்கூட இதைவிட விவரமாக இருக்கும். நாலு நாள் கழித்து பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றிவருகிறார். அவருக்கும் ஒரே வாக்கியம்தான்: இயந்திரக் கோளாறால் நேர்ந்த விபத்தல்ல. வண்டிக்கு விடுதலை. சாலையைச் சுற்றிவர எந்த இன்ஸ்பெக்டரும் வருவதில்லை. ஆகவே சாலைக்கும் விடுதலை. மிச்சம் நீங்கள்தான்.

கேமரா இருக்குமே என்கிறீர்களா? இருக்கிறது. நாலு மூலைக்கு நாலு. ரிப்பன் வெட்டி, பட்டன் அழுத்தி, பொன்னாடை போர்த்தித் திறந்துவைத்தது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் தலையில் ஹெல்மெட் இல்லையென்றால், அடைமழையிலும் அந்தக் கேமரா நம்பர் பிளேட்டைப் படித்து வீட்டுக்கு இ-சலான் அனுப்பும். அதே கேமராவுக்குக் கீழே இரண்டு கார் மோதினால் அன்றைக்குச் சர்வர் டவுன். அபராதத்துக்குக் கண் திறப்பதும் ஆதாரத்துக்குக் கண் மூடுவதும் எந்தத் தொழில்நுட்பம் என்று ஐஐடிதான் ஆராய வேண்டும்.

மிச்சம் எதிரே இருக்கும் மொபைல் கடைக் கேமரா. அதில் பதிவானது சில நாளில் தானாக அழிந்து மேலே புதுசு ஏறிவிடும். அழிவதற்குள் நீங்கள் ஓட வேண்டும், கட்டுப்போட்ட காலோடு. கடைக்காரர் நல்ல மனிதர், பென் டிரைவில் போட்டுக் கொடுக்கிறார் என்றே வையுங்கள். உடனே சட்டம் குறுக்கே வரும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம், பிரிவு 63. மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் வேண்டும். கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியில் கையெழுத்துப் போட வேண்டும், நிபுணர் ஒருவர் இன்னொரு பகுதியில். கோப்பின் ஹாஷ் மதிப்பும், அதாவது அதன் மின்னணுக் கைரேகையும் வேண்டும். டெம்பர்டு கிளாஸ் ஒட்டிக்கொண்டிருந்தவரிடம் போய், அண்ணே, ஹாஷ் மதிப்பு கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த விபத்துக்கு அவர் கேமராவையே திருப்பி வைத்துவிடுவார்.

இத்தனையும் தாண்டி விபத்துக் கோருரிமைத் தீர்ப்பாயத்துக்கு வருகிறீர்கள். அங்கே ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகமோ அது போதும். 1980-லேயே, அதுவும் தமிழ்நாட்டுப் பேருந்து ஒன்றின் வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பாயங்களுக்குப் பாடம் எடுத்துவிட்டார். இங்கே ஒரு சின்னச் சந்தேகம், அங்கே ஒரு மங்கல் என்று காரணம் காட்டி அடிபட்டவரைக் கைவிடாதீர்கள், வண்டி உரிமையாளரைத் தப்பவிடாதீர்கள் என்றார். அந்த வழக்கில் ஓட்டுநர் கிரிமினல் கோர்ட்டில் விடுதலையானவர். அது நஷ்ட ஈட்டைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் எதிர்வாதத்தைப் படித்தால், கிருஷ்ணய்யர் என்று ஒருவர் பிறந்ததாகவே தெரியாது. விபத்து நடந்ததை மறுக்கிறோம். நடந்திருந்தால் எங்கள் வண்டி அதில் இருந்ததை மறுக்கிறோம். இருந்திருந்தால் எங்கள் ஓட்டுநரின் தவறை மறுக்கிறோம். மனுதாரரின் வயதை மறுக்கிறோம், வருமானத்தை மறுக்கிறோம், காயத்தை மறுக்கிறோம். பிரீமியம் வாங்கியதை மட்டும் மறுக்கவில்லை. மறுத்தும் தீராதபோது கடைசி அம்பு: பங்களிப்புக் கவனக்குறைவு. அதாவது நீங்களும் கொஞ்சம் பார்த்து ஓட்டியிருக்கலாம். பாதிக்குப் பாதி. 10 லட்சம் வர வேண்டிய இடத்தில் 5 லட்சம். ஏன் பாதி? நாற்பது கூடாதா, இருபத்தைந்து கூடாதா? அளவு வரைபடம் இல்லை, தடம் இல்லை, கேமரா இல்லை. காவல் நிலையம் அளக்காமல் விட்டதை ஈடுகட்ட உங்கள் இடுப்பெலும்பில் பாதியைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

சண்டையே வேண்டாம், காரை என் பாலிசியிலேயே சரிசெய்துகொள்கிறேன் என்பீர்கள். செய்துகொள்ளுங்கள். ஆண்டுக்கணக்காக விபத்தின்றி ஓட்டிச் சேர்த்த 50 சதவீத போனஸ் தள்ளுபடி அடுத்த ஆண்டு போய்விடும். இடித்தவர் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார்.

அவர் தண்டிக்கப்படுவாரே என்று ஆறுதல் தேடாதீர்கள். பொதுவழியில் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று 1860-இல் எழுதினான் வெள்ளைக்காரன். அன்று மோட்டார் காரே இல்லை. குதிரை வண்டிக்காக எழுதியது. அடிமைச் சின்னத்தை அழிக்கிறோம் என்று 2024-இல் புதுச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 281. சிறை ஆறு மாதம் வரை. அபராதம் 1,000 ரூபாய் வரை. அடிமைச் சின்னம் போயிற்று, தொகை தங்கிவிட்டது. தமிழ்நாட்டில் ஹெல்மெட் போடாவிட்டாலும் அதே 1,000 ரூபாய்தான்.

சாலையைப் போட்டவரை மறந்துவிடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் 198ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். சாலையைத் தரப்படி வடிவமைக்காமல், பராமரிக்காமல் விட்டு, அதனால் உயிரோ உறுப்போ போனால் ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பான அமைப்புக்கும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். அந்தப் பிரிவில் உங்கள் ஊர் ஒப்பந்ததாரர் யாராவது கூண்டில் ஏறி நீங்கள் பார்த்ததுண்டா? ஏறினாலும், ஓட்டுநருக்குக் கிடைத்த ஒற்றை வாக்கியம் அவருக்குக் கிடையாது. நீதிமன்றம் பொறுமையாக யோசிக்கச் சட்டமே பட்டியல் கொடுத்திருக்கிறது. அந்தச் சாலையில் என்ன போக்குவரத்து எதிர்பார்க்கப்பட்டது? எந்த அளவு பராமரிப்பு நியாயம்? அங்கே ஆபத்து இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருந்ததா? சரிசெய்ய அவகாசம் இல்லையென்றால், எச்சரிக்கைப் பலகையாவது வைத்தார்களா?

பலகை இருக்கிறது. நாற்சந்திக்கு நூறடி முன்னால், மஞ்சளில் கறுப்பெழுத்து: "விபத்துப் பகுதி. மெதுவாகச் செல்லவும்." ஆபத்து தெரிந்திருந்ததா என்ற கேள்விக்கு இதைவிட ஒப்புதல் வாக்குமூலம் கிடையாது. எச்சரித்தார்களா என்ற கேள்விக்கும் இதைவிடச் சாட்சி கிடையாது. ஒரே பலகையில் குற்றம், விடுதலை இரண்டும் முடிந்துவிட்டன. அதற்கும் துறை காசு செலவழிக்கவில்லை. கீழே பாருங்கள்: உபயம், ஒரு நகைக்கடை.