லோடு கணக்கர்

மயிலாப்பூர் மாட வீதிகளிலும் மந்தைவெளியிலும் தியாகராய நகரின் பழைய சந்துகளிலும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, பெற்ற குழந்தைகள் கடல் கடந்து வசிக்க, காலையில் நாகேஸ்வரராவ் பூங்காவை வலம் வந்து, மாலையில் எந்தச் சபாவில் எந்தக் கச்சேரிக்கு டிக்கெட் இல்லை என்று விசாரித்து அறியும் கனவான்கள் பலர் உண்டு. அவர்களுள் லோடு கணக்கர் என்று நான் நாமகரணம் செய்திருக்கும் ரகம் தனி. இவர் மின்சார இலாகாவில் பணி புரிந்தவர் அல்லர். பெரும்பாலும் ஏஜீஸ் ஆபீஸிலோ ஏதேனும் ஒரு வங்கியிலோ, பிறர் போட்ட கணக்கில் பிழை காண்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டிருந்தவர். அந்த ஜீவனோபாயம் அறுபது வயதில் நின்றுபோக, அந்தச் சுபாவம் மட்டும் நிற்காமல் சுவிட்ச் போர்டில் வந்து குடியேறிவிட்டது.

கலிபோர்னியாவில் இருக்கும் மகள், அம்மா இனிமேல் சிலிண்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று, நான்கு அடுப்பு இண்டக்‌ஷன் ஹாப் ஒன்றும் ஓவன் ஒன்றும் வாங்கிப் போடப் பணம் அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமானிய மனிதன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, "ரெண்டு பாயின்ட் போட்டுடுப்பா" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவான். லோடு கணக்கரோ, பழைய கல்யாணப் பத்திரிகையின் அச்சடிக்காத பக்கத்தை எடுத்து, பென்சிலைச் சீவி, ஹாப்புக்கு 7,000 வாட், ஓவனுக்கு 3,000 வாட் என்று எழுதி, 230 வோல்ட்டால் வகுத்து, முன்னதற்கு 30 ஆம்பியர், பின்னதற்கு 13 என்று கண்டு, ஓவன் 16 ஆம்பியர் பிளக்கில் அடங்கும், ஹாப் எந்தப் பிளக்கிலும் அடங்காது, அதற்கு டிபி பாக்ஸிலிருந்து தனியே ஆறு ஸ்கொயர் செம்பு ஒயரும் 32 ஆம்பியர் எம்சிபியும் வேண்டும் என்று தீர்ப்பு எழுதுகிறார். தீர்ப்பு முற்றிலும் சரியானதே. இவ்வளவோடு அவர் நிறுத்தியிருந்தால், லோகோபகாரி என்று இரண்டு வரி புகழ்ந்துவிட்டு நானும் என் வேலையைப் பார்த்திருப்பேன்.

ஆனால் இங்கிலாந்தில் இதற்கென்று ஒரு சூத்திரம் இருப்பது அவருக்குத் தெரியும். வீட்டு அடுப்பின் மொத்த ஆம்பியரில் முதல் பத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, மிச்சத்தில் நூற்றுக்கு முப்பது வீதம் கூட்டினால் போதும். எல்லா அடுப்பும் ஏககாலத்தில் முழு வேகத்தில் எரிவதில்லை, சூடு ஏறியதும் அணைந்து அணைந்துதான் எரிகின்றன என்பது அதன் தாத்பரியம். இந்த முறைப்படி நம்மவரின் 43 ஆம்பியர் 20 ஆகச் சுருங்கிவிடுகிறது. சுருங்குவதில் அவருக்குச் சம்மதம் இல்லை.

"அவா ஊர்ல ஒரு உருளைக்கிழங்கை வேகவெச்சுட்டு சமையல் ஆயிடுத்துன்னுடுவா. தீபாவளிக்கு முதல் நாள் ஒரு அடுப்புல தேன்குழல், ஒண்ணுல பாகு, ஒண்ணுல லேகியம், ஒண்ணுல ராத்திரி சமையல். நூத்துக்கு முப்பதா? நன்னாயிருக்கே!"

"சார், காடி வெட்டட்டுமா?" என்கிறான், உளியும் சுத்தியலுமாகக் காலையிலிருந்து நிற்கும் எலெக்ட்ரீஷியன்.

"இருப்பா. எந்த ஃபேஸ்ல போடறதுன்னு இன்னும் தீர்மானமாகலை."

ஃபேஸ் என்பது சென்னைவாசிக்குக் கோடைதோறும் நடக்கும் பரீட்சை. மும்முனை இணைப்பு உள்ள வீட்டில் ஒரு முனை போய்விட்டால், சுவிட்சைத் திருப்பி மறுமுனையிலிருந்து மின்சாரம் வாங்கிக்கொள்ளும் வித்தை இங்கே குழந்தைக்கும் தெரியும். சித்திரை மாத இரவில் ஏ.சி.யின் ஃபேஸ் போய், தூக்கக் கலக்கத்தில் யாராவது அதை ஹாப் இருக்கும் ஃபேஸுக்குத் திருப்பிவிட்டால் என்ன கதி என்பதை அவர் விஸ்தாரமாக வர்ணிக்கிறார். நடுநிசியில் ஹாப்பில் யார் சமைக்கப் போகிறார்கள் என்று கேட்க எலெக்ட்ரீஷியனுக்கு நாக்கு துடிக்கிறது. கூலி பாக்கி இருப்பதால் அடக்கிக்கொள்கிறான். பேச்சு பிறகு எர்த்துக்குப் போகிறது. கரியும் உப்பும் இட்டு மூடிய எர்த் குழிக்கு, துளசி மாடத்துக்கு வார்த்த கையோடு ஒரு செம்பு ஜலம் வார்ப்பது இவருடைய நித்திய கர்மாக்களில் ஒன்று. காய்ந்த மண் மின்சாரத்தைச் சரியாக வாங்கிக்கொள்ளாது என்பதால் அந்தக் கர்மாவில் நான் குறை காண மாட்டேன்.

சுவிட்ச் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு ஒத்திகையே நடக்கிறது. எரியும் அடுப்பின் குறுக்கே கையை நீட்டி அணைக்கும்படி சுவிட்சை வைக்கக் கூடாது. ஓவனுக்குப் பின்னாலும் பிளக்கை வைக்கக் கூடாது, பக்கத்து அலமாரியில் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். ஆகையால் மாமி கரண்டியும் கையுமாக மேடை முன் நிறுத்தப்படுகிறாள். "எண்ணெய் பத்திண்டுடுத்துன்னு நெனைச்சுக்கோ. எங்கே கை போறது பார்ப்போம்!" என்று இவர் சாக்பீஸோடு காத்திருக்கிறார். மாமியின் கை இடுப்புக்குப் போகிறது.

"அது கிடக்கட்டும். என் ஈயச் சொம்பு இதுல நிக்குமா?"

இண்டக்‌ஷன், காந்தம் ஒட்டும் பாத்திரத்தைத்தான் மதிக்கும். ஈயச் சொம்பையும் வெண்கலப் பானையையும் கல்சட்டியையும் அது கண்டுகொள்வதே இல்லை. இது வாட்டில் அடங்காத விஷயம் என்பதால் கல்யாணப் பத்திரிகையில் குறிக்கப்படவில்லை. ரசம் ஈயச் சொம்பில் கொதிக்காத வீட்டில் தனக்கு வேலை இல்லை என்று மாமி அறிவித்துவிட, இரண்டு அடுப்பு காஸ், இரண்டு அடுப்பு இண்டக்‌ஷன் என்று சமாதானம் ஏற்பட்டு, 30 ஆம்பியர் 16 ஆகிவிடுகிறது. அதற்குள் சுவரில் காடி வெட்டி, பைப் பதித்து, ஆறு ஸ்கொயர் ஒயர் இழுத்துப் பூசியும் ஆயிற்று.

"இருக்கட்டும், பின்னால உபயோகப்படும்" என்றார் லோடு கணக்கர். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த வாட்டம் இல்லை. இரண்டாவது மாடிக்காரர் எலெக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிறாராம். அதன் சார்ஜர் 7.4 கிலோவாட், அதே 32 ஆம்பியர். மீட்டர் பெட்டியிலிருந்து கார் நிற்கும் இடம் வரை எத்தனை மீட்டர் என்று அளக்க டேப்பை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கார்க்காரருக்கு இன்னும் சொல்லவில்லை.