இருபத்தொரு நாள் அவகாசத்திற்கு ஒரு நன்றி மடல்

பெறுநர்: தலைவர், இந்தியத் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம், புதுதில்லி.

பொருள்: சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை – புல எண்களுக்குள் மனிதர்கள் குடியிருப்பது – தகவல் தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையத்தார் சமூகத்திற்கு,

ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய்ச் செலவில், சுமார் 277 கிலோமீட்டர் நீளத்திற்கு, அன்றைய காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் ஊடாக எட்டுவழிச் சாலை ஒன்று அமையும் என 2018ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டபோது, அந்தப் பாதையில் ஏற்கெனவே ஊர்கள் இருந்தமை ஆணையத்தின் குற்றமன்று. பிற்காலத்தில் சாலை வரும் என்பதைக் கணிக்கத் தவறி, சில தலைமுறைகளுக்கு முன்பே அங்கே கிணறு வெட்டித் தென்னை வைத்துவிட்ட குடியிருப்பாளர்களின் முன்யோசனைக் குறைவே அதற்குக் காரணமாகும்.

அத்தகையோரிடமும் ஆணையம் காட்டிய பெருந்தன்மை சட்டநூல்களில் பதிவாகியுள்ளது. 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தில் 3ஏ என்னும் பிரிவு, இன்னின்ன புல எண்களில் உள்ள நிலத்தை எடுத்துக்கொள்ளும் நோக்கம் அரசுக்கு இருப்பதை அரசிதழில் அறிவிப்பதற்கானது. 3சி பிரிவு, அவ்வறிவிப்பு வெளியான நாளிலிருந்து 21 நாள்களுக்குள் நிலத்தில் உரிமை உடையவர் ஆட்சேபணை தெரிவிக்க இடமளிப்பது. 3டி பிரிவு, ஆட்சேபணைகள் தீர்க்கப்பட்ட பிறகு வெளியாகும் பிரகடனத்தின் வழியாக அந்நிலத்தை மத்திய அரசின் உடைமையாக்குவது. பந்தக்கால் ஊன்றிப் பத்திரிகையும் அடித்து முடித்தபின் மணப்பெண்ணின் சம்மதத்தைக் கேட்கும் வழக்கத்தை ஒத்த இந்த ஒழுங்குமுறையில், ஆட்சேபணையைக் கேட்கும் தகுதிபெற்ற அலுவலர், பெரும்பாலும் மாநில வருவாய்த் துறையைச் சேர்ந்தவர், ஒருவருடைய வயலைப் பற்றி விசாரிக்கலாமே தவிர, இந்தச் சாலை தேவைதானா என்ற கேள்விக்கு விடையளிக்கும் இடத்தில் இல்லை. அக்கேள்விக்கு விடையளிக்க வேண்டியவர்கள் எந்த விசாரணைக்கும் வருவதில்லை.

2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஒரு திட்டத்தால் எத்தனை குடும்பங்கள், எந்தெந்தத் தொழில்கள், எந்தெந்தப் பொதுச்சொத்துகள் பாதிக்கப்படும் என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து, மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்பது என்பதே அதன் பொருள். நல்வேளையாக, அச்சட்டத்தின் நான்காம் அட்டவணை 13 சட்டங்களுக்கு விலக்களித்ததுடன், அவற்றுள் நெடுஞ்சாலைச் சட்டத்தையும் சேர்த்துக்கொண்டதால், ஆணையம் அந்தத் தொல்லையிலிருந்து தப்பியது. ஆயினும் இழப்பீட்டு விதிகள் 2015 முதல் நெடுஞ்சாலைகளுக்கும் பொருந்துகின்றன. சந்தை மதிப்பைக் கணக்கிட்டு, அதற்கு ஈடான இன்னொரு தொகையை ‘ஆறுதல் தொகை’ என்ற பெயரில் சேர்த்து வழங்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். சந்தை மதிப்புக்கு அடிப்படையாவது, பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு அல்லது அண்மைக்கால விற்பனைப் பத்திரங்களின் சராசரி, இவற்றுள் எது அதிகமோ அது. தமிழ்நாட்டில் பத்திரங்கள் பெரும்பாலும் வழிகாட்டி மதிப்பையொட்டியே எழுதப்படுவதால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன. அந்த வழிகாட்டி மதிப்பையோ மாநில அரசு 2017 ஜூன் மாதத்தில், அதாவது சாலை அறிவிக்கப்படுவதற்கு ஓராண்டுக்கும் குறைவான காலத்திற்கு முன்பு, 33 விழுக்காடு குறைத்திருந்தது. இதில் ஆணையத்திற்கு எந்தப் பங்கும் இல்லை. அதிர்ஷ்டம் என்பது சிலருக்கு அப்படித்தான் வாய்க்கிறது.

2018 ஜூன் மாதத்தில் காவலர் துணையுடன் அளவைக் கற்கள் நடப்பட்டன. அவற்றுள் சிலவற்றை நிலத்துக்குரியோர் பிடுங்கி எறிந்தனர். எதிர்த்துப் பேசியோர் கைதாயினர். கல்லை நட்டதைவிட வியப்புக்குரியது பட்டா மாறிய வேகம். ஒரு நிலம் யார் பெயரில் உள்ளது என்பதைக் காட்டும் வருவாய்த் துறை ஆவணமான பட்டாவில் தந்தை பெயரை மகன் பெயராக மாற்ற எத்தனை முறை நடக்க வேண்டும் என்பதைக் கிராமத்தார் அறிவர்; ஆனால் இங்கே நோக்கம் மட்டுமே அறிவிக்கப்பட்டிருந்த கட்டத்திலேயே பதிவேடுகளில் பெயர் மாறியிருந்தது. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அறிவிக்கைகளை ரத்து செய்து, பெயர்களைப் பழையபடி திருத்த ஆணையிட்டது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் 3ஏ அறிவிக்கைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தபோதும், பெயர் மாற்றம் தவறு என்பதை மட்டும் ஏற்றுக்கொண்டது.

சாலை நுழைவுக் கட்டுப்பாடு உடையது, அதாவது குறிப்பிட்ட சந்திப்புகளில் மட்டுமே ஏறி இறங்க முடிவது என்பதால், வீடு ஒருபுறமும் கிணறு மறுபுறமுமாகப் பிரியும் குடும்பம் தன் கிணற்றைக் காணச் சுரங்கப் பாதையைத் தேடிப் போக வேண்டியிருக்கும். சேலத்திலிருந்து சென்னைக்குச் செல்ல வேறு வழி இல்லையா என்று கேட்போருக்கு, உளுந்தூர்பேட்டை வழியாகவும் கிருஷ்ணகிரி வழியாகவும் இரண்டு நெடுஞ்சாலைகள் ஏற்கெனவே இருப்பதையும், அவற்றுள் முதலாவது வாழப்பாடி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களின் புறவழிகளில் நெடுங்காலம் இருவழியாகச் சுருங்கி விபத்துகளுக்குப் பெயர்பெற்றிருந்ததையும் நினைவூட்டுவது மரியாதைக் குறைவாகிவிடும். எட்டு வழிகளைச் சிந்திக்கும் ஆணையத்தின் கவனத்திற்கு இரண்டு வழிகள் உரியனவல்ல.

இறுதியாக ஒரு சிறு விண்ணப்பம். சமூகத் தாக்க மதிப்பீட்டிலிருந்து ஆணையத்திற்குச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறதேயன்றி, அதைச் செய்யக் கூடாது என்று தடை விதிக்கவில்லை. எனவே அடுத்த சாலைக்கு வரைபடத்தில் கோடு இழுப்பதற்கு முன்பே, அக்கோடு கடக்கவிருக்கும் ஒவ்வோர் ஊரின் கிராம சபையிலும் தமிழில் எழுதப்பட்ட வரைபடத்தை வைத்து, சாலை தேவைதானா என்ற கேள்விக்கு விடையளிக்கும் அதிகாரமுள்ள ஒருவரை அனுப்பிவைக்குமாறு ஆணையத்தார் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.