செல்களுக்குள் ஒட்டும் உறவும்

கே: உடம்பில் இத்தனை கோடி செல்கள் இருந்தும் நாம் உதிர்ந்து கொட்டாமல் இருப்பது எப்படி?

ப: ஒட்டுப் புரதங்களின் தயவு. தோல், குடல் போன்ற இடங்களில் அந்தப் பொறுப்பு ஈ-கேதரினுக்கு. ஒரு செல்லின் ஈ-கேதரின் பக்கத்துச் செல்லின் ஈ-கேதரினைப் பிடித்துக்கொள்ளும். வரன் பார்ப்பதில் பெரும்பாலும் அவ்வளவு கறார்!

கே: இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தவர் யார்?

ப: ஜப்பானியர் மசாதோஷி தாகெய்ச்சி. 1970களில் கியோட்டோவிலிருந்து பால்டிமோரின் கார்னெகி ஆய்வகத்துக்குப் போனார். கியோட்டோவில் டிரிப்சின் என்ற நொதியைப் போட்டுப் பிரித்த செல்கள் மறுபடி ஒட்டின. பால்டிமோரில் முரண்டு பிடித்தன. விசாரித்தால், அமெரிக்க டிரிப்சினில் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. ஒட்டுப் புரதத்துக்குக் காவலான கால்சியத்தை அது கவர்ந்துகொள்ள, காவல் இழந்த புரதத்தை டிரிப்சின் தின்று தீர்த்திருக்கிறது. எல்லா ஆய்வகத்திலும் ஒரே கரைசல் இருந்திருந்தால் கதையே வேறு.

கே: ‘ரீகாம்பினன்ட் மனித ஈ-கேதரின்’ என்று குப்பியில் வருகிறதே, மனிதரிடமிருந்து எடுத்ததா?

ப: பயப்படாதீர்கள். மனிதருடையது, ஈ-கேதரினுக்கான சிடிஎச்1 மரபணுவின் தகவல் மட்டும். அதைச் சீன வெள்ளெலியின் சூலகச் செல்கள் போன்ற வளர்ப்புச் செல்களில் செலுத்தினால் அவை புரதத்தைச் செய்து தரும். பெரும்பாலும் செல்லுக்கு வெளியே நீளும் பகுதியை மட்டுமே செய்வார்கள். சவ்வில் புதையும் பகுதி இல்லாததால் நீரில் கரையும்.

கே: ஈ.கோலை பாக்டீரியாவில் செய்தால் செலவு குறையுமே?

ப: குறையும். வடிவத்தை ஆராய அதுவே போதும். ஆனால் மனிதச் செல் இந்தப் புரதத்தின் மேல் சர்க்கரைச் சங்கிலிகளைக் கோக்கும். ஈ.கோலைக்கு அந்தக் கைவேலை வராது.

கே: எலியின் புரதத்தை வைத்து ஆராய்ந்தால் ஆகாதா?

ப: லிஸ்டீரியா கிருமியைக் கேளுங்கள். மனித ஈ-கேதரினைப் பற்றிக்கொண்டுதான் அது குடல் செல்லுக்குள் நுழைகிறது. சுண்டெலியிடம் அந்த ஜம்பம் பலிக்காது. அதன் ஈ-கேதரினில் 16ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கே: எங்கள் சோதனையில் குப்பிப் புரதம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. போலிச் சரக்கா?

ப: சப்ளையரைத் திட்டுமுன் பஃபரைப் பாருங்கள். கால்சியம் இருக்கிறதா, ஈடிடிஏ கலந்திருக்கிறதா? திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்கினாலும் புரதம் கெடும். சிறு அளவுகளாகப் பிரித்து வையுங்கள்.

கே: ஈ-கேதரினுக்கான சிடிஎச்1 மரபணு பழுதானால்?

ப: விபரீதம்தான். தலைமுறை தலைமுறையாக இரைப்பைப் புற்றுநோய்க்குப் பலியான நியூசிலாந்து மாவோரி குடும்பங்களில் சிடிஎச்1 பழுதுபட்டிருப்பதை 1998இல் பாரி கில்ஃபோர்டு குழு கண்டறிந்தது.

கே: அப்படியானால் குப்பியில் உள்ளதை ஊசியில் ஏற்றினால் குணமாகுமே?

ப: ஆகாது. பழுது செல்லுக்குள், மரபணுவில் இருக்கிறது. வெளியே புரதத்தை ஊற்றினால் அது சரியாகாது. குப்பியின் லேபிளிலேயே ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று இருக்கும். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.